பக்கத்து ஸ்டூல்

ஜூன் 2, திங்கள்

போர்டு மாட்டியாயிற்று. 'கைகொடு மாற்றுத்திறனாளிகள் வேலை உதவி மையம், திருப்பூர்.' மஞ்சளில் பச்சை எழுத்து. முன்னறைக் கட்டிலை உள்ளே தள்ளி ஒரு மேசையும் நாற்காலிகளும் போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் தேங்காய் உடைத்தேன். முபாரக் பால்கோவா வாங்கி வந்தான்.

யோசனை முபாரக்குடையது, வீடு என்னுடையது. அவன் நல்ல டெய்லர். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. பக்கவாட்டில் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போவான். வேலை பார்த்த கம்பெனி தையல் மெஷின்களை மாடிக்கு ஏற்றியபோது இவனைக் கீழேயே விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவன், இவனைப் போன்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் மையம் ஆரம்பிக்கலாம் என்று என்னிடம் வந்தான். பதிவு செய்த காகிதத்தில் அவன் செயலாளர், நான் தலைவர். ஐந்தாவது படித்தவளெல்லாம் தலைவரா என்று என் தம்பி பெண்டாட்டி கேட்டாளாம். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருபத்தைந்து வருசம் நின்றவள் நான். என் கையைத் தாண்டி ஓட்டைத் துணி ஒன்று வெளியே போனதில்லை. அதைப் போய்க் கேட்கட்டும்.

எங்கள் முறை இதுதான். வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடிவரக் கூடாது. வேலைக்குப் போகிறவர் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். முதல் வாரம் பக்கத்தில். அடுத்த வாரம் ஸ்டூலை இரண்டு மேசை தள்ளிப் போட வேண்டும். பிறகு கேட்டுக்கு வெளியே. பிறகு போகவே கூடாது. வாயால் சொல்லித் தரலாம், கை வைக்கக் கூடாது. இதை முபாரக் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

தினமும் நடப்பதை எழுதி வைக்கச் சொல்லி டயரியும் அவன்தான் கொடுத்தான். கோடு மங்கலாக அச்சடித்திருக்கிறது. மலிவுச் சரக்கு.

ஜூன் 6, வெள்ளி

நாலு கம்பெனி ஏறி இறங்கினோம். ஏறியது நான் மட்டும். எல்லா இடத்திலும் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. முபாரக் கீழே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஒரு மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். "பெரிய புண்ணியமுங்க பாட்டிம்மா. தீபாவளி சமயத்துல வாங்க. கொஞ்சம் பனியன் தர்றோம், அந்தப் பிள்ளைகளுக்குக் குடுத்துருங்."

"பனியன் வேண்டாமுங்க சார். அதுல பிசிறு வெட்டற வேலை குடுத்தாப் போதும்."

"அது வந்துங்... ஆடிட்டு, இன்சூரன்சுன்னு என்னென்னமோ இருக்குதுங்."

கீழே வந்து சொன்னேன். முபாரக் சிரித்தான். "கும்பிட்டாரா? கும்பிட்டா வேலை இல்லைன்னு அர்த்தம்மா. திட்டறவன்தான் குடுப்பான்."

ஜூன் 9, திங்கள்

முழங்கால் வீக்கம். தைலம் தேய்த்தேன். பேத்தி மைதிலி அரிசி பொறுக்கினாள். இப்போதெல்லாம் கல்லே இல்லாத அரிசிதான் வருகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு கை கல்லை எடுத்துக் காட்டினாள்.

ஜூன் 11, புதன்

திட்டுகிறவர் கிடைத்துவிட்டார். பெயர் தனசேகரன். சின்னக் கம்பெனி, எல்லாம் தரைத்தளம். நாங்கள் போனபோது முதலாளியே உட்கார்ந்து டீசர்ட் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆளு வராம நானே மடிச்சிட்டிருக்கறேன், நீங்க வந்து கதை சொல்றீங்களா? போங்க அந்தப் பக்கம்."

நான் போகவில்லை. ஒரு டீசர்டை எடுத்து மடித்தேன். கை மறக்குமா? ஐந்தாறு மடித்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செரி. ஒரே ஒரு ஆளு. பிசிறு வெட்டறதுக்கு. இந்த மாசம் முடியற வரைக்கும் பாப்பேன். ஒத்து வந்தா இன்னும் அஞ்சு பேரு எடுத்துக்கறேன். வர்லீன்னா இந்த வீதிப்பக்கமே வரப்படாது."

அஞ்சு பேர் எங்கள் மையத்தில் பேர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேருடைய அம்மாக்கள் தினமும் போன் செய்கிறார்கள்.

யாரை முதலில் அனுப்புவது என்று வழியெல்லாம் பேச்சு. முபாரக் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னான், "மைதிலியைத்தாம்மா அனுப்பணும்."

மைதிலி என் மகள் வயிற்றுப் பிள்ளை. இருபத்திரண்டு வயது. பிறந்தபோது மூச்சுவிட நேரமாகிவிட்டதால் எதுவும் மெதுவாகத்தான் மண்டையில் ஏறும். பத்து வரைக்கும் எண்ணுவாள். பார்த்த முகத்தை மறக்க மாட்டாள். அவள் அம்மா இறந்துபோனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். என்னை அமுச்சி என்பாள். எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அவளுக்கு இன்னும் பக்குவம் வரலையே முபாரக்கு. வேற யாராச்சும் மொதல்ல போகட்டும்."

"ஊரான் வீட்டுப் புள்ளைக்கு மட்டும் வந்திருச்சாம்மா பக்குவம்? உங்க வீட்டுப் புள்ளைய உள்ள வெச்சுக்கிட்டு அவங்க அம்மாகிட்ட நாம என்னன்னு பேசறது?"

சரி என்றேன். ஆனால் பக்கத்து ஸ்டூலில் நான்தான் உட்காருவேன் என்றேன். அவன் வண்டியைக் கிளப்பினான். சரி என்றான்.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். மைதிலிக்கு நீல சுடிதார், இறுக்கிய பின்னல். போகும்போது என் கையைப் பிடித்திருந்தாள், உள்ளே போனதும் விட்டுவிட்டாள்.

செக்கிங் மேசையில் இருப்பவள் வசந்தாமணி. முன்பு வேறொரு கம்பெனியில் என்னிடம் வேலை பழகியவள். "ரங்கக்கா!" என்று ஓடிவந்தாள். காது ஓரம் நரைத்துப்போய்விட்டது.

வேலை சுலபம்தான். தைத்து வரும் டீசர்டில் தையல் ஓரம் தொங்கும் நூல்களைச் சின்னக் கட்டரால் வெட்ட வேண்டும். துணியில் கட்டர் படக் கூடாது. பனியன் துணியில் சின்ன வெட்டு விழுந்தாலும் இழுக்க இழுக்க ஓட்டை பெரிதாகிவிடும்.

மைதிலி ஒவ்வொரு துணியையும் உள்பக்கம் திருப்புகிறாள். தையல் நெடுக விரலை ஓட்டுகிறாள். நூல் தட்டுப்பட்டதும் நின்று, குனிந்து பார்த்து, வெட்டுகிறாள். வெட்டிய நூலை ஓர் ஓரமாக வைக்கிறாள். அதற்குள் பக்கத்து மேசைப் பெண் மூன்று முடித்துவிடுகிறாள். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போன சமயத்தில் இன்னொரு கட்டரை எடுத்து நாலு துணி வெட்டி அவள் கூடையில் போட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஜூன் 18, புதன்

"பரவால்லீங்கக்கா, புள்ள வேலைய நல்லாத்தான் தள்றா," என்றாள் வசந்தாமணி. தனசேகரனும் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டாமல் போனார். அவர் திட்டாமல் போவது பாராட்டு மாதிரி.

வரும் வழியில் மளிகைக் கடையில் சொன்னேன், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொன்னேன், தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டும் சொன்னேன். என் பேத்தி கம்பெனி வேலைக்குப் போகிறாள் என்று.

கழுத்து வலி. கண் எரிச்சல். அந்தக் கம்பெனியில் வெளிச்சம் போதாது.

ஜூன் 23, திங்கள்

இன்றைக்கு ஸ்டூலைத் தள்ளிப் போட வேண்டிய நாள். அந்தப் பக்கம் மின்விசிறி இல்லை, எனக்குத் தலை சுற்றும் என்றேன். முபாரக் கேட்டுக்கு வந்து பார்த்துவிட்டுக் கத்தினான்.

"மின்விசிறிக்காகவாம்மா ஒரு முறைன்னு வெச்சிருக்கோம்?"

"இன்னும் ரெண்டு நாள். அவ என்னைத் தேடறா."

"அவ உங்களை ஒரு வாட்டியும் திரும்பிப் பாக்கலம்மா. நான் அப்ப இருந்து நின்னு பாத்துட்டுதான் இருக்கேன்."

வெயிலில் நின்றிருக்கிறான். கோபம் வரத்தான் செய்யும்.

ஜூன் 26, வியாழன்

வசந்தாமணி ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் ஓட்டை. தோள் தையல் ஓரம், கை ஓரம். கட்டர் பட்டது. மைதிலி கூடையிலிருந்து வந்தவை.

"இது எப்படீக்கா..." என்று இழுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்குப் புதுசுதானே. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

வீட்டுக்கு வந்து மைதிலியை உட்கார வைத்துக் கேட்டேன். எல்லாருடைய பிழைப்பும் உன் கையில் இருக்கிறது, காத்திருக்கிற அஞ்சு பேரும் உன்னால் கெட்டுப் போவார்களா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"நான் வெட்டல."

"பின்ன யாரு?"

"அமுச்சி வெட்டுச்சு."

வாய் நீண்டுவிட்டது. கம்பெனிக்குப் போய் இதைத்தான் கற்றுக்கொண்டாள் போல. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நானும் கூப்பிடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று இன்று இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கை கொடுத்தேன். அவள் கூடையைத் தன் பக்கம் நகர்த்தினாள். நான் மறுபடி இழுத்துக்கொண்டேன்.

முதுகு உடைகிறது.

ஜூன் 30, திங்கள்

தனசேகரன் ஓட்டைத் துணிகளை மேசையில் வீசினார். "இதெல்லாம் எக்ஸ்போர்ட்டுங். ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் சொல்லோணும். சனிக்கிழமையோட நிறுத்திக்கலாமுங். அந்த அஞ்சு பேரு பேச்சும் வேண்டாம்."

மைதிலி நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் புரியாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், நான் நினைத்ததில்லை. கட்டரை மேசை மேல் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

முபாரக் அவரிடம் என்ன பேசினானோ, வெளியே வந்து என்னிடம் சொன்னான், "நாளைக்கு நீங்க வர வேண்டாம்மா. நான் கூட்டிட்டு வந்து விட்டுட்டுக் கேட்டுக்கு வெளிய நிக்கறேன். அவ தனியா செய்யட்டும்."

"தலைவர் நானா நீயா?"

"நீங்கதாம்மா தலைவர். வீட்ல இருங்க."

என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அவன் முகம் வாடிக் கிடந்தது. அவனும் சரியாகத் தூங்கவில்லை போல.

ஜூலை 1, செவ்வாய்

முபாரக்கின் வண்டிப் பின்சீட்டில் ஏறிப் போனாள். டாட்டா காட்டவில்லை.

வீடு கூட்டினேன். துணி துவைத்தேன். குழம்பு அடிபிடித்தது. டிவியைப் போட்டேன், அணைத்தேன். காத்திருக்கிறவர்களில் ஒருத்தியின் அம்மா போன் செய்தாள். "எங்க புள்ளைக்கு எப்பங்க வேலை?" என்றாள். சீக்கிரம் என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன்.

சாயங்காலம் முபாரக் வாசலிலேயே வண்டியில் இருந்தபடி சொன்னான்.

"எண்ணிக்கை பாதிதாம்மா வந்துச்சு."

"ஓட்டை?"

"இல்லம்மா."

"வசந்தா நல்லாப் பாத்தாளா?"

"பாத்தாங்கம்மா."

அவன் தரையைப் பார்த்தான். நான் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தாயா, நான் இல்லாவிட்டால் பாதிதான் என்றேன். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இந்தப் பல்பை மாற்றச் சொல்லி எத்தனை நாளாயிற்று. எழுதினது எனக்கே தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

மனசு கேட்காமல் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் போனேன். மைதிலி அந்தக் கடைசியில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அங்கே போகவில்லை. நேராகச் செக்கிங் மேசைக்குப் போய், நேற்று அவள் வெட்டினதை எடு, நானே பார்க்கிறேன் என்றேன்.

வசந்தாமணி டிபன் பாக்சை மூடினாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு டீசர்டை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே விரித்தாள்.

"இது போன வாரத்து ரிஜெக்ட் பீசுங்க்கா. ஓட்டை எங்கன்னு காட்டுங்."

பார்த்தேன். தோள், கழுத்து, கை, அடி மடிப்பு எல்லாம் பார்த்தேன். நல்ல துணி. வேண்டுமென்றே நல்ல துணியைக் கொடுத்துச் சோதிக்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு விரலை ஓட்டினேன். கையும் தோளும் சேரும் இடத்தில் என் சுண்டுவிரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

விரலை வெளியே எடுக்காமலே நின்றேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத நாளே பாத்தனுங்க்கா, நீங்க கட்டர் புடிக்கறத. துணிய மூக்குக்கிட்ட கொண்டுபோயிப் பாத்தீங்."

"சொல்றதுக்கென்ன?"

"எனக்கு ஓட்டை பாக்கப் பழக்கி உட்டதே நீங்க. உங்ககிட்ட வந்து, அக்கா உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு நான் எப்படிச் சொல்றது? முபாரக் தம்பிகிட்ட சொன்னேன். அவருக்கும் வாய் வர்ல. பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே நாளு போயிருச்சு."

"அதுக்காக வாயில்லாத புள்ள மேல பழியப் போடுவீங்களா?"

வசந்தாமணி டிபன் பாக்ஸ் மூடியையே திருகிக்கொண்டிருந்தாள். "நீங்களுந்தானுங்க்கா போட்டீங்," என்றாள்.

வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். பஸ் நம்பர் பார்க்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் மைதிலி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, நீ சொன்னதுதான் செரி."

"எது?"

"ஓட்டை. அமுச்சிதான் வெட்டுனேன். உன்னையத் திட்டினது தப்பு."

"அப்பவே சொன்னேன்ல," என்றாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விளம்பரம் வந்ததும் காலை நீட்டி என் மடியில் போட்டாள். பிடித்துவிட்டேன். இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தது.

ஜூலை 5, சனி

முபாரக், நான், மைதிலி மூன்று பேரும் தனசேகரன் முன்னால் நின்றோம். முபாரக் பேச வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். ஓட்டை போட்டது நான், இந்தப் பிள்ளை இல்லை என்றேன். ஒரு நாலு வார்த்தைதான். அந்த மேசைகளுக்கு முன்னால் நான் இப்படி நின்றதே இல்லை.

அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "இத்தனை நாளா என்ற துணியக் கெடுத்தது நீங்களா? வேலைக்கு வந்த புள்ளைய விட்டுட்டு, தொணைக்கு வந்த உங்களையல்ல நான் தொரத்தியிருக்கோணும்!"

"தொரத்துங்க. அவளை விட்டுருங்."

"எண்ணிக்கை பாதிதானே வருது."

முபாரக் சொன்னான், "பாதிதாங்க சார். ஆனா அவ வெட்டினதை மறுபடி யாரும் பாக்க வேண்டியதில்லை. அந்தச் செக்கிங் நேரத்தையும் சேத்துப் பாருங்."

தனசேகரன் வசந்தாமணியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் மைதிலி பக்கம் திரும்பினார். "ஏம்மிணி, நீயே சொல்லு. பாட்டி பக்கத்துல உக்காரோணுமா?"

மைதிலி யோசித்தாள். அவள் யோசிக்கும்போது யாராவது இடையில் பேசிவிடுவார்கள், அது நானாகத்தான் இருக்கும். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம்," என்றாள். "அமுச்சி சும்மா இருக்காது. கை வெக்கும்."

மேசைமேசையாகச் சிரித்தார்கள். தனசேகரனும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

மைதிலி வேலையில் இருக்கிறாள். அஞ்சு பேரில் இரண்டு பேரைத் திங்கட்கிழமையிலிருந்து எடுத்துக்கொள்கிறார். மீதி மூன்று பேரை அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த மூன்று அம்மாக்களுக்கும் நான்தான் போன் செய்தேன். ஒருத்தி அழுதாள். வேறு கம்பெனி பார்க்கிறேன் என்றேன். திரும்பவும் மாடி ஏறி இறங்க வேண்டும்.

ஸ்டூலில் இனி நான் உட்காருவதில்லை என்று முடிவாகிவிட்டது. முபாரக்தான் சொன்னான். தலைவர் கையெழுத்துப் போட்டார். கண் ஆஸ்பத்திரிக்கும் அவனே பேசிவிட்டான். புரை முற்றியிருக்கும் என்கிறார்கள்.

ஜூலை 7, திங்கள்

காலையில் மைதிலி கம்பெனி வேனில் போனாள். இதே தெருமுனையில்தான் ஏறுகிறாள். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். தெருமுனை வரை நான் வந்தால் வேன்காரர் சிரிப்பார் என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

பகல் முழுக்க முன்னறையில் நாற்காலியில் இருந்தேன். புதிதாக ஒருத்தர் பேர் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்தைப் பெரிதாகப் போட்டு எழுதிக்கொண்டேன். பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றுக்கு முபாரக்கும் நானும் போனோம். மாடி. அரை மாடி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கீழே இறங்கி, வாசலில் இருந்தவரிடம், "மேனேஜரைக் கீழே வரச் சொல்லுங்க, எங்க செயலாளர் மேல வர முடியாது," என்றேன். முபாரக் என்னைத் திரும்பிப் பார்த்தான். மேனேஜர் வந்தார், முறைத்தபடிதான். நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்.

இருட்டும் முன்னால் மைதிலி வந்தாள். செருப்பை வாசலில் ஒன்று, நடையில் ஒன்று விட்டாள். தலையில், தோளில் எல்லாம் வெள்ளைப் பஞ்சு. சோறு போட்டு வைத்திருந்தேன். எனக்குக் கேட்க நூறு விசயம் இருந்தது. யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், புதிதாக வந்த இரண்டு பேரும் எப்படி, யாராவது ஏதாவது சொன்னார்களா, கட்டர் கையில் பட்டதா.

"இன்னைக்கு என்ன ஆச்சு கண்ணு?"

பாயில் குறுக்காகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"களைப்பா இருக்குது அமுச்சி. நாளைக்குச் சொல்றேன்."

இந்த வீட்டில் களைப்பு என்ற வார்த்தையை இத்தனை வருசமாக நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அவள் சொன்னாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்தேன்.